நிழலுக்கு ஹோஸ்டாவா, மருளா?

சானமாவு, ஓசூர் பக்கத்து நேயர்களே! வீட்டு நிழலில் வைக்க ஹோஸ்டா செடியைத் தேடுகிறீர்களா? அகன்ற இலையும் அடுக்கடுக்கான வடிவமும் கொண்ட அந்தச் செடி ஜப்பான், கொரியா, சீனாவைச் சேர்ந்தது. பெரிய ரகங்கள் முழு உருவம் எடுக்க 5 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். பொறுமை இருந்தால் காத்திருக்கலாம். சிக்கல் குளிரில்தான். ஆண்டுதோறும் சில வாரங்கள் கடுங்குளிரில் இலை உதிர்த்து உறங்கினால்தான் ஹோஸ்டா மறுபடி தழைக்கும். நம்மூர் மார்கழிக் குளிர் அதற்குப் போதாது. வருடா வருடம் இளைத்துக்கொண்டே போகும்.

பணத்தை வீணாக்காமல் அதன் உறவுச் செடியான மருளை வையுங்கள். நர்சரியில் ஸ்நேக் பிளாண்ட் என்று கேட்டால் தருவார்கள். ஹோஸ்டா, மருள், சம்பங்கி, தண்ணீர்விட்டான் எல்லாம் ஒரே தாவரக் குடும்பம். நிழலில் மருளும் மெதுவாகத்தான் வளரும். அதை வேகமாக வளர்க்க நினைத்துத் தினமும் தண்ணீர் ஊற்றினால் கிழங்கு அழுகிவிடும். மண் நன்றாகக் காய்ந்த பிறகு ஊற்றுங்கள், மழைக்காலத்தில் அதுவும் வேண்டாம். செம்மண்ணோடு மணல் கலந்து, அடியில் ஓட்டையுள்ள தொட்டியில் வையுங்கள்.

மஞ்சள் விளிம்புள்ள ரகத்தைப் பெருக்க இலையை வெட்டி நடாதீர்கள். புதுக்கன்று பச்சையாகவே முளைக்கும், மஞ்சள் கோடு வராது. பக்கக் கன்றை வேர்க்கிழங்கோடு பிரித்து நடுங்கள். இலையைத் தின்றால் ஆடு, நாய்க்கு ஆகாது. அவற்றுக்கு எட்டாத இடத்தில் தொட்டியை வையுங்கள்.