ஆட்டக்காரனை எடைபோடுவது எப்படி?

நம் சிவாஜிநகர்ச் சந்துகளிலே பந்தாடும் கல்லூரி இளைஞருக்குச் சின்னசாமி அரங்கம் அதிகத் தொலைவன்று. “படிப்பை விட்டுக் கிரிக்கெட்டையே தொழிலாகக் கொள்ளட்டுமா?” என்று மகன் கேட்டால், பெற்றோர் திகைப்பது இயல்பே. அவர்கள் பொருட்டு ஒரு வரலாற்றை நினைவூட்டுகிறோம்.

கருநாடகத்துப் பீதரிலே பிறந்த வருண் சக்கரவர்த்தி, பள்ளியில் விக்கெட் காப்பாளராக ஆடியவர். பின்னர் ஆட்டத்தை விட்டு, கட்டடக் கலை பயின்று, அத்துறையில் வேலையும் பார்த்தார். மீண்டும் ஆட வந்தவர் பலவகைச் சுழற்பந்து பழகினார். 2018 டிசம்பரில் நடந்த ஐ.பி.எல். ஏலத்தில், 20 இலட்ச ரூபாய் அடிப்படை விலை கொண்ட அவரைப் பஞ்சாப் அணி 8.4 கோடிக்கு எடுத்தது. 2019-இல் அவர் வீசிய முதல் ஓவரில் 25 ஓட்டங்கள் போயின. அப்பருவத்தில் அவர் ஆடியதும் அந்த ஓர் ஆட்டமே. அடுத்த ஏலத்தில் கொல்கத்தா அணி கொடுத்த விலை 4 கோடி. விலை பாதிக்கும் கீழே இறங்கிற்று, திறமோ இறங்கவில்லை. 2020 ஐ.பி.எல்.லில் 17 விக்கெட்டுகள் வீழ்த்தினார். 2025 மார்ச்சில், துபாயில், நியூசிலாந்துக்கு எதிராக இந்தியாவுக்காக ஐந்து வீழ்த்தினார்.

ஆகவே, ஏல விலையோ ஒருநாள் ஆட்டமோ அளவுகோலாகாது. தன்னிலும் வலியவரோடு பலமுறை மோதி எவ்வாறு ஆடினான், தோற்றபின் எதைக் கற்றான் என்பவற்றையே நோக்க வேண்டும். நம் நகரத்து அனில் கும்பிளே, 1990-இல் இந்திய அணியிற் சேர்ந்தும் பொறியியற் படிப்பைக் கைவிடவில்லை. பெற்றோரே, மகனின் ஆட்டத்தைத் தடுக்க வேண்டா. பட்டத்தைத் துறக்கவும் விட வேண்டா.