குடும்ப வைத்தியர்

மூத்தம்மாவுக்குச் சீனி வருத்தம், உம்மாவுக்குப் பிரஷர், தம்பிக்கு இழுப்பு. மூவரையும் ஒரே வைத்தியர் தொடர்ந்து பார்த்தால் எப்படியிருக்கும்? அதற்கென்றே உள்ள துறைதான் குடும்ப மருத்துவம்.

நம் நாட்டில் வைத்திய பீடத்தில் 5 ஆண்டுகள் படித்து, ஓராண்டு உள்ளகப் பயிற்சியும் முடித்தவர்கள் இத்துறையில் மேலும் கற்கலாம். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் இதில் டிப்ளோமாவும் எம்.டி. பட்டமும் வழங்குகிறது.

குழந்தை நோய், பெண்நோய், மனநலம் என எல்லாவற்றிலும் பயிற்சி உண்டு. ஆனாலும் முக்கிய பாடம், கேட்பது. தலையிடி என்று வரும் தாய் ஏன் தூங்கவில்லை என்பதையும் விசாரிக்க வேண்டும்.

ஆண் வைத்தியரிடம் சொல்ல வெட்கப்பட்டு நோயை மறைக்கும் தாய்மார் நம் கல்முனையிலும் உள்ளனர். உயிரியல் படிக்கும் தங்கைகளே, அவர்கள் காத்திருப்பது உங்களுக்காகத்தான்.