எதிரொலி காட்டும் கழுத்துக் கழலை



திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டைக்குப் போயிருப்பீர்கள். பாறையைக் குடைந்த படி வழியில் நின்று கைதட்டினால், ஓசை சுவரில் மோதித் திரும்புகிறதல்லவா? அத்தகைய எதிரொலியைக் கொண்டே கழுத்துக் கழலையின் இயல்பை ஆராய்கிறது இக்கால மருத்துவம்.

திருவரங்கத்தில் எனக்குத் தெரிந்த அம்மையார் ஒருவரின் முன்கழுத்தில் நெல்லிக்காயளவு கட்டி தோன்றியது. "புற்றுநோயாக இருக்கும், உடனே அறுத்து எடுத்துவிடுங்கள்" என்றனர் சிலர். "வெளியில் சொல்லாதீர்கள்" என்றனர் வேறு சிலர். அவரோ முந்தானையால் கழுத்தைப் போர்த்திக்கொண்டே நடமாடினார்.

குரல்வளைக்குக் கீழே வண்ணத்துப்பூச்சி வடிவில் அமைந்தது தைராய்டுச் சுரப்பி. அதில் தோன்றும் கழலைகளுள் பத்தில் ஏறத்தாழ ஒன்பது தீங்கற்றவை. எஞ்சிய ஒன்றைப் பிரித்தறிவது எங்ஙனம்?

நம் செவி நொடிக்கு 20,000 அதிர்வுகள் வரையே கேட்கும். கழுத்தை ஆராயும் கருவியோ 70 இலட்சத்துக்கும் மேற்பட்ட அதிர்வுகளை அனுப்புகிறது. திசுக்களில் மோதித் திரும்பும் எதிரொலிகள் திரையில் படமாகின்றன. வலியில்லை, எக்ஸ் கதிரும் இல்லை.

நீர் மட்டுமே நிறைந்த கழலை எதிரொலி தராமையால் முழுக் கருமையாகத் தெரியும். கடற்பஞ்சு போல் நுண்ணறைகள் நிறைந்தது மற்றொரு வகை. இவ்விரண்டும் பொதுவாகத் தீங்கற்றவை. மாறாக, கழலை திண்மையாய், சுற்றியுள்ள சுரப்பியைவிடக் கருத்து, ஓரம் ஒழுங்கற்று, அகலத்தினும் உயரம் மிகுந்து, வெண்புள்ளிகளாய்ச் சுண்ணத் துகள்கள் சிதறியிருப்பின் ஐயம் வலுக்கிறது.

இவ்வடையாளங்களுக்கு அமெரிக்கக் கதிரியல் கல்லூரி 2017-இல் மதிப்பெண் வகுத்தது. பள்ளியில் மிகுந்த மதிப்பெண் மகிழ்ச்சி தரும்; இங்கோ குறைந்த மதிப்பெண்ணே நல்லது! ஆயினும் படம் சான்றேயன்றித் தீர்ப்பன்று. மதிப்பெண்ணும் அளவும் மிகுந்த கழலையில் நுண்ணூசியால் உயிரணுக்களை எடுத்து, நுண்ணோக்கியில் ஆராய்வர்.

கருவி நல்லது என்பதற்காக, குறையொன்றும் இல்லாதவர் கழுத்தையெல்லாம் படமெடுத்தலும் முறையன்று. தென்கொரியாவில் அவ்வழக்கம் பரவியதால், 1993-இல் இருந்ததைப்போல் 15 மடங்கு தைராய்டுப் புற்று 2011-இல் கண்டறியப்பட்டது, இறப்போ குறையவில்லை. தீங்கு செய்திராத சிறு புற்றுக்காகச் சுரப்பியை இழந்து, வாழ்நாள் முழுதும் மாத்திரை உண்ணும் நிலை பலருக்கு வந்தது.

அம்மையாரின் கழலை கடற்பஞ்சு வகை. கத்தியும் வேண்டா, ஊசியும் வேண்டா என்றார் மருத்துவர். இன்று அவர் கழுத்தைப் போர்த்துவதில்லை.

உங்கள் இல்லத்தில் எவர் கழுத்திலேனும் கட்டி தென்பட்டால், மறைக்கவும் வேண்டா, மருளவும் வேண்டா. மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.