உறைந்த மண்ணும் கற்பூரமும்

குயின் வீதி மகாமாரியம்மன் சந்நிதியில் ஏற்றவென்று வாங்கிய கற்பூரத்தைப் பொட்டலம் மடிக்க மறந்து சில வாரம் வைத்திருந்தவர்கள், வில்லைகள் இளைத்துப் போயிருப்பதையும், தாளில் ஈரத்தின் சுவடுகூட இல்லாதிருப்பதையும் கண்டிருப்பார்கள். திடப்பொருள் திரவமாகாமலே ஆவியாகிவிடும் இந்தச் சுபாவம் பனிக்கட்டிக்கும் உண்டு என்பது, குளிர்காலமே அறியாத பினாங்குவாசிகளாகிய நமக்கு விசித்திரமாகத் தோன்றலாம்.

அலாஸ்காவில், ஃபேர்பேங்க்ஸ் நகருக்கு வடக்கேயுள்ள ஃபாக்ஸ் என்னுமிடத்தில், அமெரிக்க ராணுவத்தைச் சேர்ந்த பொறியியலாளர்கள் 1963-இல் குடையத் தொடங்கிய சுரங்கத்துக்குள், பல்லாயிரம் ஆண்டுகளாக உறைந்து பாறைபோல் இறுகிய வண்டல் மண், காற்றுப் பட்ட நாள் முதலாகத் தன் பனியை இழந்து வருகிறது. சுரங்கத்தை உறைநிலைக்குக் கீழேயே குளிர்வித்து வைத்திருந்தும், அங்குள்ள வறண்ட காற்று சுவரின் பனியை மெல்ல மெல்ல ஆவியாக உறிஞ்சிவிட, மண்துகள்களைப் பிணைத்திருந்த பசை அற்றுப்போய், தரையெங்கும் நுண்புழுதி படிகிறது. பூர்வகாலக் காட்டெருமைகளின் எலும்புகளும் புல்வேர்களும் சுவரிலிருந்து வெளியே நீண்டு நிற்கின்றன. உதிராமல் ஒட்டியிருக்கும் புழுதியோ, உள்ளிருக்கும் பனிக்குப் போர்வையாகிவிடுகிறது. பாஸ்டனிலிருந்து கப்பலேறி வந்த பனிக்கட்டிகளைச் சென்னை ஐஸ் ஹவுஸ் காலத்தில் காத்த மரத்தூள் வெப்பத்தைத் தடுத்தது. இந்தப் புழுதி ஆவியின் வழியையே அடைக்கிறது.

செவ்வாய்க் கிரகத்தில் 2008-இல் பீனிக்ஸ் விண்கலத்தின் இயந்திரக் கை தோண்டிய பள்ளத்தில் தென்பட்ட சிறு வெண்துண்டுகள் நான்கே நாளில் மறைந்துபோயின. உப்பாயின் மறைந்திராது, உருகும் அளவுக்கு அங்கே வெப்பமும் கிடையாது. ஆகவே அவை பனிக்கட்டியே என்று விஞ்ஞானிகள் நிச்சயித்தார்கள். மறைந்ததே சாட்சியாக நின்ற இந்த நிகழ்ச்சி என்னைப் பெரிதும் ஆட்கொண்டது.

ஆனால் பூமியில், வீடும் சாலையும் அமைக்கவென்று குளிர்ப் பிரதேசத்தில் மண் தோண்டுபவருக்கு அதே மறைவு பெரும் அபாயம். மண்ணில் பனி எவ்வளவு என்று அறிந்தால்தான், நாளை அது உருகும்போது நிலம் எவ்வளவு அமிழும் என்று கணிக்க முடியும். வெட்டியெடுத்த கட்டியைத் திறந்தே போட்டுவைத்துப் பின்னர் நிறுத்தால், போன பனி கணக்கில் வராது. நிலம் உள்ளதைவிட உறுதியானதென்று ஏடு சொல்லும், அதை நம்பி அஸ்திவாரமும் எழும்பிவிடும். ஆதலால் எடுத்த கணமே காற்றுப் புகாதபடி கட்டி, குளிர் குறையாமல் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டு செல்கிறார்கள். நம் கடலோரக் களிமண்ணைப் பரிசோதனைக்கு எடுக்கும் குழாய்களின் இரு முனைகளையும், ஈரம் போய்விடாதபடி அங்கேயே மெழுகு ஊற்றி அடைப்பதும் இதே காரணத்தால்தான்.