புறநடத்தையும் அகவலியும்

பிறர் மனத்தில் உள்ளதை நாம் எவ்வாறு அறிகிறோம்? அவர்தம் சொல்லையும் செயலையும் கண்டே அறிகிறோம். இவ்வெளிய உண்மையைப் பற்றிக்கொண்டு எழுந்ததே நடத்தையியல் உளவியல். உளவியல் ஓர் அறிவியலாக வேண்டுமாயின், அகநோக்கைக் கைவிட்டுப் புறத்தே காணத்தக்க நடத்தையையே ஆராய வேண்டும் என 1913ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியலாளர் ஜான் வாட்சன் கூறினார். பின்வந்த ஸ்கின்னர், 1957இல் மொழியையும் அவ்வழியே விளக்க முற்பட்டார்.

இச்சிந்தனை பகுப்பாய்வு மெய்யியலிலும் ஆழப் பதிந்தது. உடலுக்குள் மனம் என்னும் மறைபொருள் குடியிருந்து அதனை இயக்குகிறது என்னும் எண்ணத்தை 1949இல் கில்பர்ட் ரைல் மறுத்தார். ஒருவரை அறிவுடையவர் என்பது, அவர் இன்ன சூழலில் இன்னவாறு நடந்துகொள்ளும் இயல்பினர் என்பதே என்றார். சொற்பொருளைப் பிறருடைய வெளிப்படையான நடத்தையிலிருந்தே கற்கிறோம் என்று 1960இல் குவைன் வாதிட்டார். முழங்கால் சிராய்த்து அழும் குழந்தையிடம் தாய், ‘வலிக்கிறதா?’ என்கிறாள். குழந்தையின் வலி அவளுக்குப் புலனாவதில்லை, அழுகையே புலனாகிறது. ஆயினும், ‘வலி’ என்னும் சொல்லைக் குழந்தை கற்றுக்கொள்கிறது.

அங்ஙனமாயின், வலி என்பது அழுகையும் முனகலும் மட்டும்தானா? இவ்வினாவுக்குப் பினாங்கு வாழ் நாம் தொலைவில் சான்று தேட வேண்டியதில்லை. தைப்பூச நாளில் அலகு குத்திக் காவடி சுமந்து தண்ணீர்மலைக்குச் செல்லும் அடியார் பலரின் முகத்தில் சிறு சுளிப்பும் இராது. ஒருவர் வலியே உணராதிருக்கலாம். மற்றொருவர் உணர்ந்தும் பொறுத்திருக்கலாம். புறத்தோற்றம் ஒன்றே, அகநிலை வேறு. பின்னர் அவர் வாய்திறந்து கூறுவதும் நடத்தையே என நடத்தையியலார் விடையிறுக்கக்கூடும். கூறாமலே விட்டவரின் வலி என்னாவது? வலியை உணர்ந்தும் செயலாலோ சொல்லாலோ ஒருபோதும் வெளிக்காட்டாத கற்பனை மாந்தரைக் கொண்டு, ஹிலரி பட்னம் 1963இல் எழுப்பிய மறுப்பும் இதுவே.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் இங்கு நமக்குத் துணைநிற்கிறது. நகை, அழுகை முதலாக எண்வகை மெய்ப்பாடுகளைக் கூறும் அவ்வியல், ஒவ்வொன்றும் தோன்றும் நிலைக்களன்களையும் நந்நான்காக வகுக்கிறது. ‘மெய்’ என்பது உடல். உள்ளத்துணர்வு உடல்வழிப் புலப்படுதலே மெய்ப்பாடு. சூழல், உணர்வு, உடற்குறி என்னும் மூன்றும் இதில் இணைகின்றன. எனினும், ஒன்று மற்றொன்றாகிவிடுவதில்லை.

ஆகவே, நடத்தையியல் விட்டுச்சென்ற பாடத்தை நாம் இருபகுதியாகக் கொள்ளலாம். உளச்சொற்களைப் பொதுவெளியிலேயே கற்கிறோம் என்பது ஏற்கத்தக்கது. நடத்தையே உணர்வு என்பது ஏற்கத்தக்கதன்று. இவ்வேறுபாடு நூலோடு நிற்பதன்று. முனகாதவருக்கு வலியில்லை என எண்ணும் வீட்டில், வாய்திறவா முதியவரின் நோய் முற்றிய பின்னரே தெரியவரும். குறியைக் காண்பதோடு நில்லாமல், குறி காணாவிடத்தும் கேட்டறிதல் நம் கடன்.