மண்ணின் உறுதியை அளப்பது எவ்வாறு?

கிள்ளானாறும் கோம்பாக்காறும் கூடும் இடத்தில் எழுந்த நகர் கோலாலம்பூர். மலாய் மொழியில் 'கோலா' என்பது ஆறுகள் கூடும் இடம் அல்லது முகத்துவாரம். 'லும்பூர்' என்பது சேறு. ஆகவே ஊரின் பெயரே மண்ணரிப்புக்குச் சான்று. எல்லா மண்ணும் ஒரே அளவிற் கரைவதில்லை. எது எளிதிற் கரையும், எது நின்று தாங்கும் என்பதை முன்கூட்டியே அறிய வழியுண்டா? உண்டு என்பர் மண்ணியலார்.

கிள்ளான் பள்ளத்தாக்கின் பாறைகள் பலவகைப்பட்டன. கிழக்கே அம்பாங், உலு கிள்ளான் பகுதிகளில் கருங்கல் வகையான கிரானைட்டு; வடக்கே பத்துமலையிற் சுண்ணாம்புப் பாறை; நகரின் மேடுகள் சிலவற்றில் மணற்பாறையும் களிப்பாறையும். கிள்ளான் அணைக்கட்டின் அருகே வெண்படிகக் கல்லாலான நீண்ட முகடு ஒன்று நிற்கிறது. சுற்றியுள்ள பாறை தேய்ந்து இறங்கவும், அது மட்டும் தேயாமல் நிமிர்ந்து நிற்கிறது. மாறாகச் சுண்ணாம்புப் பாறை மழைநீரிற் சிறிது சிறிதாகக் கரைவது; பத்துமலைக் குகைகள் அவ்வாறு உண்டானவையே.

கிரானைட்டு உறுதியானது, ஆதலின் அம்மலைகளின் மண்ணும் உறுதியானது எனக் கருதுதல் பிழையாகும். வெப்பமும் மழையும் மிக்க இந்நாட்டில் அப்பாறை ஆழம்வரை உளுத்துப்போகிறது. அதிலுள்ள ஒருவகைக் கனிமம் களியாக மாறுகிறது. படிகம் மணலாக எஞ்சுகிறது. மேல்மண்ணிற் களி மிகுதி. கீழே, பாதி உளுத்த பகுதியில், மணலும் வண்டலும் மிகுதி. மண்வாரி எந்திரம் மேல்மண்ணை நீக்கியதும் அரிப்புக்கு எளிதில் இலக்காகும் அடிமண் மழைக்கு முன் திறந்து கிடக்கிறது.

மணல், வண்டல், களி என மூன்றாகத் தமிழர் வழங்கும் பெயர்களே இவ்வாராய்ச்சிக்கும் அடிப்படை. மணற்பருக்கை கனமானது, நீர் அதனை எளிதில் இழுத்துச் செல்லாது. களித்துகள் மிக நுண்ணியது. எனினும் ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும். பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்துக் களிமண் செங்கல்லாகி அவ்விடத்துக்குப் பெயர் தந்ததும் இப்பற்றுதலால்தான். வண்டலுக்கோ கனமும் இல்லை, பற்றும் இல்லை. எனவே அதுவே முதலில் அடித்துச் செல்லப்படுகிறது.

1935-இல் பௌயூகாஸ் என்னும் அமெரிக்க அறிஞர் எளிய கணக்கொன்றைக் கூறினார். மணல், வண்டல் ஆகியவற்றின் விழுக்காடுகளைக் கூட்டி, களியின் விழுக்காட்டால் வகுக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, ஒரு மண்ணில் மணல் 60, வண்டல் 15, களி 25 என்றால் விடை 3. மற்றொன்றில் மணல் 30, வண்டல் 20, களி 50 என்றால் விடை 1. எண் பெரிதாகப் பெரிதாக அரிப்பும் எளிதாகும்.

இக்கணக்கில் ஒரு குறை உண்டு: மணலையும் வண்டலையும் அது ஒன்றாகவே எண்ணுகிறது. 1971-இல் விஷ்மேயரும் அவருடன் உழைத்தோரும் இதனைத் திருத்தினர். வண்டலும் மிகநுண் மணலும், ஏனைய மணல், மக்கிய தழைப்பொருள், மண்ணின் கட்டமைப்பு, நீரை உட்செலுத்தும் தன்மை ஆகிய ஐந்தையும் கொண்டு மண்ணின் அரிபடு தன்மையைக் கணிக்கும் வரைபடம் வகுத்தனர்.

பள்ளியிலும் இதனை ஒருவாறு செய்து காட்டலாம். கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு மண்ணிட்டு, நீர் நிரப்பி, சிறிது சவர்க்காரத்தூள் சேர்த்து நன்றாகக் குலுக்கி வைக்கவும். ஒரு நிமிடத்தளவில் மணல் படியும்; சில மணி நேரத்தில் வண்டல் படியும்; களி படிய ஒருநாளோ அதற்கு மேலோ ஆகும். படிவுகளின் உயரத்தை அளந்தால் மேற்கூறிய கணக்கைத் தோராயமாகப் போட்டுப் பார்க்கலாம்.

ஆயினும் மண் ஒன்றே காரணமன்று. மழையின் வலிமை, சரிவின் நீளமும் செங்குத்தும், நிலத்தின் போர்வை, காப்புமுறை ஆகியவற்றோடு பெருக்கியே இழப்பு கணிக்கப்படுகிறது. கோலாலம்பூரில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பொழிகிறது. மழையைக் குறைக்க இயலாது. போர்வையைக் காக்க இயலும். முற்காலத்து ரப்பர்த் தோட்டங்களிற் புல்லின்றி நிலத்தைச் சுரண்டியபோது மேல்மண் ஓடிற்று. பின்னர்ப் படர்கொடிகள் வளர்த்தும், சரிவுகளிற் படிவரப்பு அமைத்தும் அதனைத் தடுத்தனர். இரண்டு வேலையிலும் தமிழ்த் தொழிலாளர் கை பட்டிருக்கிறது.

1993 டிசம்பர் 11-இல் உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் மாடிக் கட்டடங்களுள் ஒன்று சாய்ந்து 48 பேர் மாண்டனர். அது நிலச்சரிவு, துகள் துகளாக நிகழும் அரிப்பு வேறு. எனினும் திறந்த சரிவும் வழிகாணாத மழைநீரும் இரண்டுக்கும் பொதுப்பகை. குன்றை வெட்டுமுன் மண்ணை அளப்பது சிறு வேலை. அதனைத் தவிர்த்தால், மேட்டிலிருந்து ஓடும் மண் ஆற்றைத் தூர்க்கும். ஆறு தூர்ந்தால் கீழேயுள்ள கிள்ளான் வரை வெள்ளம் பெருகும். மேட்டில் வாழ்வோர் செய்யும் பிழைக்குப் பள்ளத்தில் வாழ்வோரும் விலை தருகின்றனர்.