ஆயுசைச் சொல்லும் டெஸ்ட்

"தம்பி, ஏதோ ஜீன் டெஸ்ட்டுன்னு சொல்றாக. அத எடுத்தா மச்சினன் எத்தன வருசம் இருப்பான்னு தெரிஞ்சிருமாம்ல?"

டீயை ஆற்றிக்கொண்டே அண்ணாச்சி கேட்டார். மச்சினருக்கு இடது கன்னத்தின் உட்பக்கம், வருசக்கணக்காகப் புகையிலையை அடக்கி வைத்த அதே இடத்தில் புண். சதை எடுத்துப் பார்த்தாயிற்று. புற்றுநோய்தான் என்று ரிப்போர்ட்டும் வந்துவிட்டது. இப்போது யாரோ பல ஆயிரம் ரூபாய்க்கு ஒரு சோதனையைச் சொல்லியிருக்கிறார்கள். கோவில்பட்டியில் அந்தப் பணத்துக்கு என்ன மதிப்பு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த டெஸ்ட் ஆயுசைச் சொல்லாது அண்ணாச்சி. சொல்லக்கூடியது வேறொன்று. அதுவும் மச்சினருக்கு வந்திருக்கும் நோய்க்குப் பெரிதாக உதவாது. ஏன் என்று சொல்கிறேன், இன்னொரு டீ சொல்லுங்கள்.

கட்டியிலிருந்து கிள்ளி எடுத்த சதையை லேபில் மெழுகில் பதித்து, சின்னக் கட்டியாக வைப்பார்கள். பிளாக் என்பார்கள். நம்ம ஊர் தீப்பெட்டி ஆபீஸில் குச்சியை முக்குகிறார்களே பாரஃபின், அந்த இன மெழுகுதான், இன்னும் சுத்தமானது. அதைத் தலைமுடியைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடித் துண்டில் ஒட்டி, சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்துத்தான் புற்றுநோயா இல்லையா என்று டாக்டர் எழுதுகிறார். மார்க்கர் சோதனை என்பது அதே பிளாக்கிலிருந்து இன்னொரு சீவல் எடுத்து, குறிப்பிட்ட ஒரு புரதம் இருக்கிறதா என்று பார்ப்பது. இருந்தால் அந்த இடம் பழுப்பாகும். சில சோதனைகளில் டிஎன்ஏவைப் பிரித்தெடுத்து, எந்த மரபணு கெட்டிருக்கிறது என்று படிப்பார்கள்.

தலை, கழுத்துப் புற்றுநோயில் இப்படிப்பட்ட மார்க்கர்கள் நூற்றுக்கணக்கில் ஆராய்ச்சிக் கட்டுரைகளில் உண்டு. வைத்தியத்தில் நிலைத்தது விரல்விட்டு எண்ணும் அளவுதான். முதலில் வருவது பி16. ஹெச்பிவி வைரஸ், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்குகிறதே அதுதான், அடிநாக்கிலும் டான்சிலிலும்கூடப் புற்றை உண்டாக்கும். அந்த வைரஸ் புகுந்த செல்களில் பி16 என்ற புரதம் அளவுக்கு மீறிக் குவியும். கட்டியின் செல்களில் 70 சதவீதமாவது அழுத்தமாகப் பழுப்பேறினால் பாசிட்டிவ் என்று எழுதுவார்கள்.

பாசிட்டிவ் என்றால் பயப்பட வேண்டாம், இங்கே அது நல்ல சேதி. 2010இல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், தொண்டைப் பகுதிப் புற்று வந்தவர்களில் வைரஸால் வந்தவர்கள் மூன்று வருடம் கழித்து 100க்கு 82 பேர் உயிரோடு இருந்தார்கள். வைரஸ் இல்லாதவர்களில் 57 பேர். ஒரே இடத்துக் கட்டி, ஒரே வைத்தியம், இவ்வளவு வித்தியாசம். வைரஸ் இருந்தும் நிறைய சிகரெட் குடித்தவர்கள் இரண்டுக்கும் நடுவில் நின்றார்கள். இதனால்தான் 2018 முதல் பி16 பாசிட்டிவ் தொண்டைப் புற்றுக்கு நோய்க்கட்டத்தையே தனியாகக் கணக்கிடுகிறார்கள்.

"அப்ப மச்சினனுக்கும் அதப் பாத்துருவோம்ல?"

அங்கேதான் விஷயம். மச்சினருக்குக் கன்னத்தில் அல்லவா வந்திருக்கிறது? நம்ம பக்கம் பெரும்பாலும் கன்னம், ஈறு, நாக்கு. காரணம் வைரஸ் அல்ல. போயிலை, பாக்கு, பீடி, சாராயம். வாய்ப்புற்றில் பி16 பழுப்பேறினாலும் அதை வைத்து ஆயுசைப் பற்றி எதுவும் உறுதியாகச் சொல்ல முடியாது. அமெரிக்காக்காரனின் டான்சிலுக்கு எழுதிய கணக்கைக் கரிசல்காட்டுக் கன்னத்துக்குப் போட்டால் தப்பாகத்தான் வரும். 

சரி, நம்ம கன்னத்துப் புற்றை யாரும் ஆராயவில்லையா? ஆராய்ந்தார்கள். மும்பை டாடா நிலையத்தின் ஆக்ட்ரெக் ஆய்வு மையமும் மேற்கு வங்கம் கல்யாணியில் உள்ள மரபணு ஆய்வு நிறுவனமும் சேர்ந்து, இந்தியர்களின் கன்ன, ஈறுப் புற்றின் மரபணுக்களைப் படித்து 2013இல் வெளியிட்டன. டிபி53, காஸ்ப்8, நாட்ச்1 என்று உலகம் முழுக்கத் தெரிந்த பெயர்களோடு, அதுவரை இந்த நோயில் கவனிக்கப்படாத சில மரபணுக்களும் அகப்பட்டன. இவற்றில் டிபி53 முக்கியம். செல்லின் டிஎன்ஏ சேதமானால் பெருகுவதை நிறுத்தி, சரிப்படாவிட்டால் அந்தச் செல்லைச் சாகவைப்பது அதன் வேலை. அது மோசமாக உடைந்திருந்தால் ஆயுள் குறைவு என்று 420 நோயாளிகளை வைத்து 2007இலேயே காட்டிவிட்டார்கள்.

பிறகு ஏன் எல்லாருக்கும் அதைப் பார்ப்பதில்லை? வைரஸ் இல்லாத தலை, கழுத்துப் புற்றில் பத்துக்கு எட்டுக்கு மேல் அது உடைந்துதான் இருக்கும். எல்லார் வீட்டிலும் இருப்பதை வைத்து யார் வீடு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? உடைந்திருக்கிறது என்று தெரிந்தாலும் அதற்கென்று தனி வைத்தியம் இன்று கையில் இல்லை.

இன்னொன்று. 100க்கு 82 என்பது கூட்டத்துக்கான கணக்கு. ஐப்பசியில் மழை சராசரிக்கு மேல் என்று ரேடியோ சொன்னாலும், கயத்தாறில் ஊற்றிவிட்டு நம்ம உளுந்துக் காட்டை மட்டும் தாண்டிப் போகிற மேகத்தை அண்ணாச்சி பார்க்காததா? வைரஸ் புற்று வந்த ஒருவர்கூட அந்த 82இல் சேர்வாரா, 18இல் சேர்வாரா என்று எந்த ஸ்லைடிலும் எழுதியிருக்காது.

நல்ல மார்க்கரை நம்பியே டாக்டர்கள் ஏமாந்த கதையும் உண்டு. வைரஸ் புற்றுதான் நன்றாகக் குணமாகிறதே, மருந்தின் கடுமையைக் குறைத்துப் பார்ப்போம் என்று, கரண்ட் (கதிர்வீச்சு) வைக்கும்போது கொடுக்கும் சிஸ்பிளாட்டினுக்குப் பதில் செடுக்சிமாப் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2018 கடைசியில் இரண்டு பெரிய ஆய்வுகளின் முடிவு வந்தது. புது மருந்து வாங்கியவர்களில் இறந்தவர்கள் அதிகம். நோய் எப்படிப் போகும் என்று சொல்கிற மார்க்கர் வேறு, எந்த மருந்து கேட்கும் என்று சொல்கிற மார்க்கர் வேறு. ஜீன் டெஸ்ட் விற்கிறவர்கள் இரண்டையும் ஒன்றுபோலப் பேசுவார்கள்.

மருந்தைத் தீர்மானிக்கிற மார்க்கர் இந்த நோயில் ஒன்று வந்திருக்கிறது: பிடி-எல்1. பெரும்பாலும் வைத்தியம் முடிந்தும் நோய் திரும்பினாலோ பரவினாலோ அதைப் பார்ப்பார்கள்; இம்யூனோதெரபி கொடுக்கலாமா என்று முடிவெடுக்க. முழு அளவில் அந்த மருந்து லட்சக்கணக்கில் போகும். டாடா மருத்துவமனைக்காரர்கள் நிவோலுமாப் என்ற மருந்தை வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, வெறும் 20 மில்லிகிராம், மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுத்தார்கள். மாத்திரை மட்டும் வாங்கியவர்களில் ஒரு வருடம் தாண்டியவர்கள் 16 சதவீதம்; இதையும் சேர்த்து வாங்கியவர்களில் 43. என்னைக் கேட்டால் நம்ம நாட்டுக்குத் தேவையான ஆராய்ச்சி இதுதான்.

மச்சினர் இன்னும் அந்தக் கட்டத்துக்கு வரவில்லை. அவருடைய ஆயுசைப் பற்றி அதிகம் பேசப்போவது ஆபரேஷன் முடிந்து வருகிற சாதாரண ரிப்போர்ட். அதில் நான்கு இடத்தைப் பாருங்கள்: கட்டி எத்தனை மில்லிமீட்டர் ஆழம் இறங்கியிருக்கிறது, வெட்டிய விளிம்பில் நோய் மிச்சமிருக்கிறதா, கழுத்தில் எத்தனை நெறியில் (நிணநீர் முடிச்சில்) ஏறியிருக்கிறது, நெறியின் உறையைக் கிழித்து வெளியே வந்திருக்கிறதா. விளிம்பில் மிச்சமோ உறை கிழிந்தோ இருந்தால் கரண்டோடு கீமோவும் சேர்ப்பார்கள். ஒரு ரூபாய்க்குக்கூட ஜீன் டெஸ்ட் எடுக்காமலே வைத்தியம் மாறுகிறது பாருங்கள். கழுத்தில் நெறி தட்டுப்படவில்லையே, அங்கே எதற்குக் கத்தி என்று சண்டை போட்டுவிடாதீர்கள். ஆரம்பக் கட்ட வாய்ப்புற்றில் முதலிலேயே கழுத்து நெறிகளையும் எடுத்தவர்களில் மூன்று வருடம் கழித்து 80 சதவீதம் பேர் இருந்தார்கள். நெறி கட்டினால் பார்க்கலாம் என்று காத்திருந்தவர்களில் 67.5. இதுவும் டாடா ஆய்வு, 2015.

"அப்ப அந்த டெஸ்ட்டு வேண்டாங்கிறீகளா?"

வேண்டாம் என்று நான் சொல்லக்கூடாது. டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த ரிசல்ட் எப்படி வந்தாலும் நீங்க செய்யப்போற வைத்தியம் மாறுமா?" மாறும் என்றால் எப்படி மாறும் என்று கேட்டுவிட்டு எடுங்கள். மாறாது என்றால் அந்தப் பணம் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் ஆகட்டும். ஆறேழு வாரம் கரண்ட் வைக்கப் போய்வருவது லேசுப்பட்ட செலவில்லை. அடுத்து, பாளையங்கோட்டைக்கோ மதுரைக்கோ அடையாறுக்கோ, எங்கே போனாலும் ரிப்போர்ட் காகிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். முதலில் பார்த்த லேபில் பிளாக்கையும் ஸ்லைடையும் கேட்டு வாங்குங்கள். நாளைக்கு எந்த மார்க்கர் பார்க்க வேண்டி வந்தாலும் பெரும்பாலும் அந்தப் பிளாக்கே போதும், மச்சினர் வாயில் மறுபடி சதை கிள்ள வேண்டியிருக்காது.